முதலில் அயர்ன், அப்புறம்தான் ப்ரோகிராமர்

அக்கா மகன் மூன்றாம் வருடம் ஈசிஇ படிக்கிறான். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் இரண்டு படங்களை அனுப்பி, "மாமா, இது ரெண்டும் வாங்கலாமா?" என்றான். ஒன்று டி48 ப்ரோகிராமர், சிப்புக்குள் ப்ரோகிராமை எழுதுகிற கருவி. இன்னொன்று சால்டரிங் அயர்னும் ஹாட் ஏர் கன்னும் ஒரே பெட்டியில் இருக்கும் ஸ்டேஷன். பட்ஜெட் 10,000 ரூபாய், கல்லூரியில் ஏதோ போட்டியில் ஜெயித்த காசாம். போன் போட்டு, "எந்த சிப்ல எழுதப் போற?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எல்லாத்துலயும்தான்" என்றான்.

சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க எனக்குத் தகுதியில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கவுண்டர் முன்னால் நின்று நானும் இதையேதான் சொன்னேன். கடைக்காரர் சந்தோஷமாக உள்ளே போய்ப் பெரிய பெட்டியாக ஒன்றை எடுத்து வந்தார். ஆயிரக்கணக்கான சிப்களுக்குச் சப்போர்ட் உண்டு என்று பெட்டி மேலேயே அச்சடித்திருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அந்த ஆயிரக்கணக்கில் நான் தொட்டது மொத்தம் நான்கு. அந்த நான்கையும் 500 ரூபாய்க்குள் கிடைக்கிற சாமானை வைத்தே முடித்திருக்கலாம்.

அதனால் அவனை உட்கார வைத்து, எந்தெந்த போர்டில் கை வைக்கப் போகிறான் என்று வரிசையாகக் கேட்டேன். ஆர்டுயினோ உனோ ஒன்று இருக்கிறது. இஎஸ்பி32 ஒன்று இருக்கிறது. ராஸ்ப்பெர்ரி பை பிக்கோ வாங்கப் போகிறான். சரி, இதுவரைக்கும் ப்ரோகிராமரே வேண்டாம். உனோவிலும் இஎஸ்பி32 போர்டிலும் யூஎஸ்பி கேபிளைச் செருகினாலே போதும். பிக்கோவில் பூட்செல் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு செருகினால் பென் டிரைவ் மாதிரி வந்து நிற்கும், ஃபைலை இழுத்துப் போட்டால் முடிந்தது. இன்றைக்குப் புதிதாக ஆரம்பிக்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தனி ப்ரோகிராமர் இல்லாமலே ஒரு வருடம் ஓட்டிவிடலாம். இதை எந்தக் கடையிலும் சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் காலேஜ் லேபில் 8051 என்கிற பழைய மைக்ரோகன்ட்ரோலர். அங்கே இருப்பது ஏடி89எஸ்52. அந்த நடுவில் வரும் 'எஸ்' முக்கியம். எஸ் இருந்தால் சிப்பை சர்க்யூட்டிலேயே வைத்துக்கொண்டு ஆறு ஒயரில் எழுதலாம், யூஎஸ்பிஏஎஸ்பி என்கிற சின்ன டாங்கிள் போதும். அதே குடும்பத்தில் பழைய ஏடி89சி51 என்றால் அது நடக்காது, சிப்பைக் கழற்றி 12 வோல்ட் கொடுத்து எழுதுகிற ப்ரோகிராமரில் வைத்தாக வேண்டும். பழைய புத்தகங்களிலும் சீனியர்கள் விட்டுப்போன ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகளிலும் சி51 என்றே இருப்பதால் பையன்கள் அதையே தேடி வாங்கி வந்துவிட்டு, எழுத முடியாமல் முழிப்பார்கள்.

யூஎஸ்பிஏஎஸ்பியை வடிவமைத்தவர் தாமஸ் ஃபிஷல் என்கிற ஜெர்மானியர். ஒரு ஏட்மெகா8 சிப், இல்லையென்றால் அதன் அண்ணன் தம்பி, கூட நாலைந்து ரெசிஸ்டர், ஒரு கிரிஸ்டல், அவ்வளவுதான் உள்ளே. வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தே கிடப்பதால் தெருவுக்குத் தெரு நகல் கிடைக்கிறது. நகல்களில் ஃபர்ம்வேர் பழசாக இருக்கும், எஸ்சிகே பீரியடை (எழுதும் க்ளாக்கின் வேகத்தை) மாற்ற முடியவில்லை என்று கம்ப்யூட்டரில் ஓடும் ஏவிஆர்டூட் மென்பொருள் ஒவ்வொரு தடவையும் புலம்பும். வேலை நடக்கிற வரைக்கும் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். கண்டுகொள்ள வேண்டிய நேரம் ஒன்று உண்டு. புத்தம் புது ஏட்மெகா328 ஃபாக்டரியிலிருந்து 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடிக்கொண்டு வரும். ப்ரோகிராமரின் க்ளாக் அதில் கால்பங்குக்குக் கீழே இருந்தால்தான் சிப்புக்குக் காது கேட்கும். டாங்கிளில் ஜேபி3 என்ற இடத்தில் ஜம்பரைப் போட்டால் வேகம் குறையும். சிப் செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். (நானும் ஒன்றைப் போட்டேன். பிறகு குப்பையிலிருந்து எடுத்தேன்.)

கடைசியாகத்தான் விஷயத்துக்கு வந்தான். ஹாஸ்டல் நண்பனின் லேப்டாப், பயாஸ் (மெஷினை எழுப்பிவிடும் மென்பொருள்) அப்டேட் பாதியில் கரண்ட் போய் நின்றுவிட்டது, பவர் லைட் எரிகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. சர்வீஸ் சென்டரில் மதர்போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். "அதைச் சரி பண்ணிக் கொடுக்கறேன்னு சொல்லிட்டேன் மாமா." ஓஹோ. ஆக, 'எல்லாத்துலயும்' என்பதன் நிஜமான அர்த்தம் எட்டு காலுள்ள ஒரே ஒரு சிப்.

அந்த மாதிரி லேப்டாப்களில் பயாஸ் இருப்பது பெரும்பாலும் 25 வரிசை எஸ்பிஐ ஃப்ளாஷ் என்கிற மெமரி சிப்பில். மேலே வின்பாண்ட் 25க்யூ64 என்றோ 25க்யூ128 என்றோ எழுதியிருக்கும். அந்த 64 மெகாபிட் கணக்கு, எட்டால் வகுத்தால் 8 எம்பி. இதைப் படிக்கவும் எழுதவும் ஊரெல்லாம் ஓடுகிற சாமான் சிஎச்341ஏ. விரல் நீளக் கறுப்பு போர்டு, ஒரு பக்கம் யூஎஸ்பி, இன்னொரு பக்கம் சிப்பை வைத்து நெம்புகோலால் பூட்டுகிற பச்சை நிற ஜிஃப் சாக்கெட். கூடவே ஒரு கிளிப்பும் தருவார்கள், சிப்பைக் கழற்றாமலே மேலே கவ்வ வைத்துப் படிக்கலாம் என்று. இரண்டும் சேர்த்து நான் வாங்கியபோது 500 ரூபாய்கூட ஆகவில்லை. எல்இடி டிவிக்கு டம்ப் (சிப்பிலிருந்து படித்தெடுத்த நகல்) போடுகிற மெக்கானிக்குகள் பலரும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள், தொழில் பிடித்த பிறகு ஆர்டி809 மாதிரி பெரிய பெட்டிக்குப் போவார்கள்.

இந்தக் கறுப்பு போர்டால் நான் பட்டது தனிக்கதை.

பக்கத்து வீட்டு அண்ணனின் லேப்டாப். இதே மாதிரி கேஸ்தான். பின்பக்கத்தைக் கழற்றி, பேட்டரி ஒயரைப் பிடுங்கி, கிளிப்பைக் கவ்வ வைத்து, சிவப்பு ஒயர் சிப்பின் புள்ளிப் பக்கம் வருகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். படித்தேன். ஃபைல் முழுக்க எஃப்எஃப் எஃப்எஃப் எஃப்எஃப். சிப் காலியாகத்தான் இருக்கிறது போல என்று நானே முடிவுகட்டிக்கொண்டு, இணையத்திலிருந்து இறக்கிய அதே மாடல் பயாஸை எழுதிவிட்டேன். எழுதியது பாதி ஏறியது, பாதி ஏறவில்லை. வெரிஃபை ஃபெயில். மறுபடி எழுதினேன். மறுபடி. நான்காவது தடவை சிப் ஐடியே வரவில்லை.

என்ன நடந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. கிளிப் வழியாகச் சிப்புக்கு நாம் கொடுக்கிற 3.3 வோல்ட் சிப்போடு நிற்பதில்லை, அந்த லைனில் தொங்குகிற மதர்போர்டின் மற்ற பாகங்களும் அதை உறிஞ்சும். கறுப்பு போர்டில் இருக்கிற குட்டி ரெகுலேட்டரால் அத்தனை பேருக்கும் பந்தி போட முடியாது. வோல்டேஜ் இறங்கும், படிப்பது கன்னாபின்னாவென்று வரும். எஃப்எஃப் என்றால் காலி என்று அர்த்தமில்லை, பல நேரம் 'எனக்கு ஒன்றும் கேட்கவில்லை' என்றுதான் அர்த்தம்.

இன்னொன்று அதைவிட மோசம். போர்டில் 3.3 வோல்ட் என்று எழுதியிருக்கும், மீட்டர் வைத்தால் ஃப்ளாஷ் சிப்பின் சப்ளை காலில் 3.3 வரத்தான் செய்யும். ஆனால் சிஎச்341ஏ சிப் தான் மட்டும் யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் டேட்டா லைன்களில் வருவது 5 வோல்ட். 3.3 வோல்ட் ஃப்ளாஷின் மூக்கில் 5 வோல்ட்டைத் திணிக்கிறோம், கிளிப்பில் இருந்தால் அதன் பின்னால் இருக்கிற சிப்செட்டுக்கும் சேர்த்து. பல பேருக்கு ஒன்றும் ஆகாமல் வேலை முடிந்திருக்கிறது, அதனால்தான் இந்த போர்டு இன்னும் விற்கிறது. எனக்கு முடியவில்லை. அந்த அண்ணன் இன்றைக்கும் நன்றாகத்தான் பேசுகிறார், லேப்டாப் பற்றி மட்டும் பேச மாட்டார்.

இதற்கு மருந்து உண்டு. சிஎச்341ஏவின் 28ஆம் கால்தான் அதற்கு வரும் சப்ளை. அதைப் போர்டிலிருந்து தூக்கிவிட்டு, 9ஆம் காலோடு சேர்த்து 3.3 வோல்ட்டுக்கு ஒரு மெல்லிய ஒயர் இழுத்தால் சிப் முழுக்க 3.3இல் ஓடும், டேட்டா லைனும் தானாக அடங்கிவிடும். 1.7 என்று போட்டு வருகிற புது போர்டுகளில் வோல்டேஜை மாற்ற சுவிட்சே இருக்கிறது, கொஞ்சம் விலை கூட. 1.8 வோல்ட் சிப் உள்ள லேப்டாப்பும் நிறைய வருவதால் அது உபயோகம்தான். சிப்பின் எண்ணில் 25க்யூ64க்குப் பின்னால் வரும் எழுத்தைப் பார்க்க வேண்டும், எஃப்வி என்றால் 3.3, எஃப்டபிள்யூ என்றால் 1.8.

ஆனால் பாருங்கள், கறுப்பு போர்டைத் திருத்தக் கால் ஒன்றைத் தூக்க வேண்டும். ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடைவெளி 1.27 மில்லிமீட்டர். கிளிப் வேண்டாம், சிப்பையே கழற்றிப் படிக்கலாம் என்றாலும் எட்டு காலையும், அவை ஒட்டியிருக்கும் செம்புப் பேட் பிய்ந்துவராமல் எடுக்க வேண்டும். இரண்டுக்குமே வேண்டியது நல்ல அயர்னும் பழகிய கையும். ப்ரோகிராமருக்குப் போக வேண்டிய காசை அயர்னுக்குத் திருப்பு என்று அவனிடம் சொன்னது இதனால்தான்.

சால்டரிங்கில் நான் பழகியது 25 வாட் சோல்ட்ரான் பேனா அயர்னில். அதைக் குறை சொல்ல மாட்டேன், ஒயர் ஒட்டவும் ரேடியோ கிட் கட்டவும் அது போதும், இன்னும் டூல் பாக்ஸில் கிடக்கிறது. ஆனால் அந்த வகை அயர்னுக்குச் சூட்டில் கட்டுப்பாடு கிடையாது. ஸ்டாண்டில் சும்மா இருக்கும்போது ஏறிக்கொண்டே போய் டிப் கருகும். போர்டின் பெரிய செம்புப் பரப்பான கிரவுண்ட் ப்ளேனில் வைத்தால் சூடு சட்டென்று இறங்கி, லெட் (சால்டர்) உருகாமல் களிமண் மாதிரி நிற்கும். நாம் இன்னும் அழுத்துவோம், பேட் கையோடு வரும்.

அயர்ன் வாங்கும்போது எல்லோரும் வாட்டைப் பார்க்கிறார்கள். நான் பார்ப்பது சூட்டை அளக்கிற சென்சார் எங்கே இருக்கிறது என்பதை. 936 வகை ஸ்டேஷனில் செராமிக் ஹீட்டருக்குள் சென்சார் இருக்கும், அதன் மேல் டிப்பை உறை மாதிரி மாட்டுவார்கள், நடுவில் மயிரிழை காற்று இடைவெளி. டிப்பின் நுனி குளிர்ந்த சேதி சென்சாருக்குப் போய்ச் சேரவே நேரமாகும். ஒரிஜினல் ஹாக்கோ 936ஐ நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது, இன்று அந்தப் பெயரில் விற்பதெல்லாம் நகல்தான், ஆனாலும் ஆரம்பத்துக்கு மோசமில்லை. டி12 வகையில் ஹீட்டர், சென்சார், டிப் மூன்றும் ஒரே குச்சி. ஸ்விட்சைப் போட்டு கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் சூடாகிவிடும், கிரவுண்டில் வைத்தாலும் தளராது. நான் இரண்டையும் வைத்திருந்துவிட்டு 936ஐ விற்றுவிட்டேன். பைன்சில் மாதிரி டைப்-சி சார்ஜரில் ஓடுகிற குட்டி அயர்ன்களும் அருமையானவை, ஹாஸ்டல் பையனுக்குக் கச்சிதம், 65 வாட் சார்ஜர் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். ஒரு சிக்கல், இரண்டு பின் சார்ஜரில் எர்த் வராது. மெட்டலைத் தொட்டால் கையில் சுருக்கென்று ஓடுமே, அதே கசிவு டிப்பிலும் இருக்கும்.

எர்த் விஷயத்தில் நான் கொஞ்சம் கிறுக்கு. ஸ்டேஷன் வாங்கினால் கடையிலேயே மல்டிமீட்டரை வைத்து டிப் நுனிக்கும் பிளக்கின் பெரிய பின்னுக்கும் நடுவில் ரெசிஸ்டன்ஸ் பார்ப்பேன். ஒன்று இரண்டு ஓம் இருக்க வேண்டும். மீட்டர் திறந்தே நின்றால் அந்த ஒயரை உள்ளே இணைக்கவே இல்லை என்று அர்த்தம், மலிவான நகல்களில் இதை நானே பார்த்திருக்கிறேன். அது சரியாக இருந்தும் வீட்டுச் சுவரில் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் இருக்கிறதா என்பது ஹவுஸ் ஓனருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

டூ இன் ஒன் வேண்டாம் என்றேன். ஹாட் ஏர் கெட்டதல்ல, 858 வகைப் பெட்டியைத் தனியாகப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஒரே பெட்டியில் வருவதில் பெரும்பாலும் அயர்ன் பக்கம் பழைய 936 ஹேண்டில்தான். எட்டு கால் சிப்பைக் கழற்ற ஹாட் ஏர் கட்டாயமும் இல்லை. இரண்டு பக்கமும் தாராளமாக லெட்டை ஊற்றி, நாலு நாலு காலையும் ஒரே குட்டையாக்கி, அயர்னை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாற்றி மாற்றிக் காட்டினால் சிப் தானாக நழுவும். பார்க்க அசிங்கமாக இருக்கும். லெட்டை உறிஞ்சுகிற டீசால்டரிங் விக் வைத்துத் துடைத்தால் பேட் பளபளவென்று வந்துவிடும்.

அடுத்த சனிக்கிழமை இரண்டு பேரும் சிந்தாதிரிப்பேட்டை பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தோம். பதினொரு மணிக்கு ரிச்சி தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது, மீரான் சாகிப் தெருப் பக்கம் திரும்பினால் இன்னும் நெருக்கம். டி12 ஸ்டேஷன் ஒன்று, 3,000 ரூபாயை ஒட்டி வந்தது. கூட வந்த ஊசி டிப்பை அங்கேயே டப்பாவில் போடச் சொல்லிவிட்டு, 2.4 மில்லிமீட்டர் உளி வடிவ டிப் டி24 ஒன்றும், கத்தி வடிவ கே ஒன்றும் வாங்க வைத்தேன். சின்ன வேலைக்கு ஊசி டிப் என்று நினைப்பது எல்லோரும் செய்கிற தப்பு, நுனியில் தொடுகிற பரப்பே இல்லை, சூடு எங்கிருந்து இறங்கும்?

"தம்பி, லெட் எது வேணும், சாதாவா நல்லதா?" என்றார் கடைக்காரர். பையன் என்னைப் பார்த்தான். 63/37, அதாவது 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம், 0.8 மில்லிமீட்டர். அந்தக் கலவை 183 டிகிரியில் ஒரே அடியாக உருகி ஒரே அடியாக உறையும். 60/40 அப்படியில்லை, ஏழு எட்டு டிகிரிக்கு நடுவில் கூழாக நிற்கும், அந்த நேரத்தில் கை அசைந்தால் ஜாயின்ட் மங்கலாகிப் போகும். எவ்வளவு டிகிரி வைக்க என்று கேட்டான். உருகுவது 183 என்றாலும் 320, 330 வைத்தால்தான் சட்டென்று வேலை முடியும், ஈயம் கலக்காத லெட்-ஃப்ரீயில் 350க்குப் போகலாம். லெட் ஓடி ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் சிரிஞ்ச் ஒன்று, டிப் துடைக்கப் பித்தளை நார் ஒன்று, விக் ஒரு சுருள், போர்டு துடைக்க ஐபிஏ என்கிற ஆல்கஹால் அரை லிட்டர். வட்டத் தகர டப்பாவில் வரும் மலிவு பேஸ்ட்டை அவன் எடுத்தபோது கையைத் தட்டிவிட்டேன், சிலதில் ஆசிட் இருக்கும், ஆறு மாதத்தில் போர்டில் பச்சை பூக்கும். சாமான் எடுத்த கையோடு சமோசா சாப்பிடப் போனவனைக் கை கழுவவும் வைத்தேன். அயர்ன் சூட்டில் ஈயம் ஆவியாகாது, மேலே வருகிற புகை ஃப்ளக்ஸ் புகை, அது நெஞ்சுக்கு ஆகாது என்பதால் ஒரு பழைய கம்ப்யூட்டர் ஃபேனைப் பக்கத்தில் வைத்தால் நல்லது. ஈயம் நமக்குள் போவது விரல் வழியாக.

ப்ரோகிராமர் பக்கம் வந்தது ஒரு யூஎஸ்பிஏஎஸ்பி, ஒரு கறுப்பு சிஎச்341ஏ, இரண்டு எட்டு கால் அடாப்டர். டி48ஐக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து ஏக்கமாக நின்றான். நல்ல சாமான்தான், நான் மறுக்கவில்லை. கால் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று சோதிக்கும், 74 வரிசை லாஜிக் சிப் செத்ததா உயிரோடு இருக்கிறதா சொல்லும். ஜன்னல் வைத்த பழைய 27 வரிசை ஈப்ராம் மெமரி சிப்பை எழுத 12.5 வோல்ட், 2716 மாதிரி கிழங்களுக்கு 25 வோல்ட் என்று கேட்கும், அதெல்லாம் அதில் உண்டு. பழைய ஆர்கேட் போர்டோ சிஎன்சி மெஷினோ கையில் வரும் நாளில் வாங்கிக்கொள் என்றேன். மொத்தம் 6,000க்குள் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை என் மேஜையில் உட்கார்ந்தோம். முதல் ஒரு மணி நேரம் செத்த டிவி போர்டு ஒன்றைக் கொடுத்து, எட்டு கால் சிப்களைக் கழற்றி மாட்டச் சொன்னேன். முதல் சிப்பில் இரண்டு பேட் பிய்ந்தது. இரண்டாவதில் ஒன்று. நாலாவதில் ஒன்றுமில்லை. அப்புறம் கறுப்பு போர்டை எடுத்துக்கொண்டான். 28ஆம் காலில் ஃப்ளக்ஸ் வைத்து, ஊசி நுனியை அடியில் கொடுத்து, கே டிப்பின் கூர்முனையை மேலே வைத்தான். ஒரு விநாடிகூட இல்லை, கால் மெல்ல எழும்பி நின்றது. மூச்சை விட்டதை இரண்டு பேரும் கேட்டோம். தலைமுடி மாதிரி எனாமல் ஒயரை 9ஆம் காலுக்கும் ரெகுலேட்டரின் வெளிக்காலுக்கும் இழுத்துக் கொடுத்தான். ஒட்டிய இடத்தில் லெட் கொஞ்சம் கூட, பரவாயில்லை. டேட்டா லைனில் மீட்டர் வைத்தால் 3.3.

நண்பனின் போர்டிலிருந்து சிப்பைக் கழற்றி அடாப்டரில் ஒட்டினான். "எழுதிடலாமா மாமா?" என்றான். கையைப் பிடித்தேன். முதலில் படி. அதைச் சேமி. சிப்பைக் கழற்றி மாட்டி இன்னொரு தடவை படி. இரண்டு ஃபைலின் ஹாஷும், அதாவது ஃபைலிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் கைரேகை மாதிரியான எண்ணும், ஒன்றாக வந்தால்தான் அது டம்ப், இல்லாவிட்டால் வெறும் சத்தம். அந்த 8 எம்பிக்குள் பயாஸ் மட்டும் இல்லை, லேப்டாப்பின் சீரியல் எண் இருக்கும், விண்டோஸ் 8க்கு அப்புறம் வந்த மெஷின் என்றால் பெரும்பாலும் விண்டோஸ் கீ இருக்கும், சிலதில் லேன் மேக் அட்ரஸும் இருக்கும். இணையத்தில் எவனோ போட்ட டம்ப்பை அப்படியே ஏற்றினால் லேப்டாப் ஓடும், ஆனால் அது எவனோ ஒருவனுடைய லேப்டாப்பாக ஓடும்.

முதல் தடவை படித்தான். கழற்றினான், துடைத்தான், மாட்டினான். இரண்டாவது தடவை ஓடிக்கொண்டிருக்கும்போது அக்கா போன் செய்து சாப்பிட்டானா என்று கேட்டாள். திரையில் ஹாஷ் வந்தது. கடைசி நாலு எழுத்து இரண்டிலும் ஒன்றாக இருந்தது. அவன் விடவில்லை, முதல் எழுத்திலிருந்து விரல் வைத்து ஒவ்வொன்றாக உரக்கப் படிக்க ஆரம்பித்தான்.